குதிரை முகாமை மூடச் சொல்லும் உறவுகளுக்கு



நீளமான பதிவு. நாலு வரி படித்துவிட்டு 'அருமை ஐயா' என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு கடிதம் சுற்றுகிறது. குழுவில் இல்லாத மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் இருக்கும் நம் பிள்ளைகள் ஏழெட்டுக் குடும்பமாகச் சேர்ந்து, சான் அன்டோனியோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் தூரத்தில், பண்டேரா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹில் கன்ட்ரி மாநில இயற்கைப் பகுதிக்குப் போயிருக்கிறார்கள். மாநிலப் பூங்காத் துறை நடத்தும் இடம். நடைபாதையில் குதிரை லத்தி கிடந்திருக்கிறது. ஈ மொய்த்திருக்கிறது. வண்டி நிறுத்த வசதியாக அகலமாக இருந்த முகாம் இடங்களைக் கேட்டபோது, 'அவை குதிரையோடு வருகிறவர்களுக்கு' என்று பதில் வந்திருக்கிறது. கோபம் வந்துவிட்டது. குதிரை முகாமை எடுத்துவிட்டு அங்கே மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் போட்டுக் குடும்பங்களுக்குக் கொடுங்கள், பாதைகளில் குதிரையைத் தடை செய்யுங்கள் என்று பூங்காத் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, ஆளாளுக்குக் கையெழுத்துச் சேர்க்கிறார்கள்.

'பெரியப்பா, நீங்க விலங்கியல் வாத்தியார். நீங்க போட்டா வெயிட்டா இருக்கும்' என்று எனக்கும் வந்தது. போட மாட்டேன். ஏன் போட மாட்டேன் என்பதைக் குழுவில் ரெண்டு வரியில் சொன்னால் 'பெரியவர் ஏதோ சொல்றார்' என்று போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மண் யாருடையது என்பதைப் பார்த்துவிடலாம். கடிதத்தில் 'வரி கட்டுகிற எல்லோருக்கும் சொந்தமான நிலம்' என்று ஒரு வரி இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 5,400 ஏக்கர் அரசாங்கம் சும்மா வைத்திருந்த தரிசு அல்ல. பெரும்பகுதி மெரிக் குடும்பத்தின் பார்-ஓ என்ற மாட்டுப் பண்ணை. 1976இல் அதை மாநிலத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நவீன நாகரிகத்தின் கை படாமல் இதை அப்படியே வைத்திருக்க வேண்டும், அதே சமயம் பயனுள்ள காரியத்துக்கும் ஆக வேண்டும் என்று. பக்கத்து நிலங்கள் கொஞ்சம் விலைக்கு வாங்கிச் சேர்த்து, 1984இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதனால்தான் அங்கே குடிதண்ணீர்க் குழாய் இல்லை. நம் பிள்ளைகள் 'வசதியே இல்லை' என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்களே, அந்த வசதியின்மைதான் தானத்தின் நிபந்தனை.

நம் பக்கத்தில் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தவர்கள் 'நந்தவனத்துக்கு' என்று எழுதி வைத்திருப்பார்கள். நாலு தலைமுறை கழித்து அதில் வணிக வளாகம் கட்டினால் நாம் சும்மா இருப்போமா? இங்கே கொதிக்கிறவர்கள் அங்கே போய் வளாகம் கேட்கக் கூடாது.

டெக்சாஸ் மாநிலத்தில் கிட்டத்தட்ட 95 சதவீத நிலம் தனியாருடையது. எத்தனையோ மைல் கார் ஓட்டினாலும் இரண்டு பக்கமும் கம்பிவேலிதான். அங்கே வேலி தாண்டுவது நம் ஊரில் வரப்பு தாண்டுவது போல் அல்ல, சட்டப்படி குற்றம். ஆக, சொந்தமாகப் பெரிய பண்ணை இல்லாத ஒருவர் குதிரை வைத்திருந்தால், ஒரு முழு நாள் அதை நேராக ஓட்டிப்போக அவருக்கு என்ன இடம் இருக்கிறது? மாநிலத்தில் எண்பதுக்கும் மேல் பூங்காக்கள் உண்டு. கூடாரம் அடிக்கலாம், பெரும்பாலானவற்றில் வேனுக்கு மின் இணைப்பும் கிடைக்கும். குதிரையோடு இரவு தங்க முடிவது அவற்றில் சிலவற்றில்தான். நமக்குப் போக எழுபது இடம் இருக்கும்போது, மீதி இருப்பதையும் கொடு என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

'குதிரை பணக்காரன் விளையாட்டு பெரியப்பா' என்று ஒரு பதில் வந்தது. பந்தயக் குதிரை வேறு, போலோ வேறு. போன தடவை மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஒரு பெண், தன் தகப்பனாருடனும் இரண்டு குதிரைகளுடனும் இதே இடத்துக்கு வந்தார். எங்களையும் விருந்தாளியாகக் கூட்டிப்போனார். இரண்டு இரவு தங்கினோம். தகப்பனார் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் முகாமிட்டிருந்தவர்களில் ஒருவர் செவிலியர், ஒருவர் லாடம் அடிப்பவர், ஒரு தம்பதி என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ட்ரெய்லர் துருப்பிடித்திருந்தது. நாங்கள் வந்திறங்கிய மாப்பிள்ளையின் கார் விலையில் அந்த முகாமில் பாதியை வாங்கியிருக்கலாம். பணக்காரர்களுக்கு இந்த முகாம் தேவையே இல்லை. அவர்களுக்குச் சொந்தமாக ஆயிரம் ஏக்கர் இருக்கிறது. முகாமை மூடினால் அடி விழுவது இந்தப் பேருந்து ஓட்டுநருக்குத்தான்.

அங்கே நான் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடிதம் எழுதியவர்களில் ஒருவரும் குதிரை முகாமுக்குள் கால் வைக்கவில்லை என்பதால் இது தேவை.

வண்டி நின்றதும் மனிதர்கள் யாரும் நாற்காலி விரிக்கவில்லை. முதலில் குதிரைகளை இறக்கினார்கள். மூன்று மணி நேரம் ஆடும் ட்ரெய்லரில் நின்று வந்த விலங்கு அது, கால் நடுங்கும். பத்து நிமிடம் சும்மா கையில் பிடித்து நடத்தினார்கள். பிறகு வாளியில் தண்ணீர். ஒரு குதிரை குடித்தது. மற்றது மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஊர் மாறினால் தண்ணீரின் வாசனை மாறும், சில குதிரைகள் குடிக்காது. அந்தப் பெரியவர் வீட்டிலிருந்தே கேனில் கொண்டுவந்திருந்த தண்ணீரைக் கலந்து கொடுத்தார். அப்புறம்தான் குடித்தது. அது குடித்து முடிக்கும் வரை அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, காய்ச்சல் பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கிற தாய் மாதிரி.

காரணம் உண்டு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து கிலோ உலர்புல்லும், 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீரும் வேண்டும். உடம்பு பெரிது, இரைப்பை சின்னது. மாடு போல நாலு அறையும் கிடையாது, அசை போடவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கப் படைக்கப்பட்ட விலங்கு. தண்ணீர் குறைந்தால் குடலில் புல் கட்டிக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்று வகுப்பில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். மருத்துவர் ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கும் இடத்தில் அந்தத் தண்ணீர் வாளி எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரியும்.

கட்டும் விதத்தையும் கவனித்தேன். சில முகாம்களில் இரும்புக் குழாய்ப் பட்டி இருக்கும். குதிரையை உள்ளே விட்டுவிடலாம். இல்லாத இடத்தில் நேராக மரத்தில் கட்ட மாட்டார்கள். கட்டினால் குதிரை சும்மா நிற்காது. காலால் பறிக்கும், பட்டையைக் கடிக்கும். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உணவுக் குழாய்கள் போகின்றன. சுற்றிலும் பட்டை போனால் மரம் செத்தது. அதனால் இரண்டு மரங்களுக்கு அகலமான நாடாப் பட்டையைச் சுற்றி, அதிலிருந்து தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அந்தக் கயிற்றின் நடுவில் குதிரையைக் கட்டுகிறார்கள். மரத்தின் வேர்ப்பகுதியைக் குளம்பு தொடாது. குதிரையின் காலும் கயிற்றில் சிக்காது. தலையைக் கீழே இறக்கிப் புல் தின்னும் அளவுக்கு மட்டும் கயிறு நீளம். ஒரு சாண் கூடினாலும் கால் மாட்டும் என்று அந்தப் பெண் இரண்டு தடவை அளந்து பார்த்தார். எங்கள் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை கட்டுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். அந்த இரண்டாவது அளவை அங்கே கண்டதில்லை.

காலையில் விடிவதற்குள் லத்தி அள்ளும் வேலை. பல் வைத்த வாரியும் தள்ளுவண்டியும் வைத்துக்கொண்டு, தம் இடத்தில் கிடந்ததை அள்ளிக் குறித்த இடத்தில் போட்டுவிட்டு, கொட்டிக் கிடந்த புல்லையும் கூட்டி எடுத்தார்கள். ஒரு குதிரை ஒரு நாளைக்கு இருபது கிலோவுக்கு மேல் போடும். இரண்டு குதிரை, இரண்டு நாள். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்பது கிலோவையும் அள்ளியவர் எழுபது தாண்டிய மனிதர். நம் குடும்பங்கள் விட்டுப்போன காகிதத் தட்டுகளை யார் அள்ளினார்கள் என்று கடிதத்தில் இல்லை. (குழுவில் நீங்களே போட்ட புகைப்படத்தில், பின்னணியில், தெளிவாகத் தெரிகிறது.)

இனி லத்தி. முகாமில் அள்ளுகிறார்கள், சரி. பாதையில் கிடப்பது உண்மைதான். சவாரி நடுவில் இறங்கி அள்ளுவது எல்லோராலும் முடியாது. நடைபாதை தொடங்கும் இடத்திலாவது ஓரமாகத் தள்ளிவிட வேண்டும் என்பது குதிரைக்காரர்களுக்குள்ளேயே இருக்கும் மரியாதை, செய்யாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது என்ன? மென்று தின்ற புல். நாய்க்கழிவு போல நாறாது, இரண்டு வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடும். சாணி தெளித்த வாசலில் தவழ்ந்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் குதிரை லத்தியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு 'சுகாதாரக் கேடு' என்று துறைக்கு எழுதுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் தாத்தா அதைக் கூடையில் அள்ளிக் கத்தரிப் பாத்திக்குக் கொண்டுபோயிருப்பார்.

'நோய் பரவும்' என்று கடிதத்தின் மூன்றாவது பத்தி சொல்கிறது. இங்கேதான் வாத்தியாருக்குக் கை அரிக்கிறது. குதிரைகளுக்குத் தொற்று இரத்தச்சோகை என்று ஒரு வைரஸ் நோய் உண்டு. எச்ஐவி சேர்ந்த அதே லென்டிவைரஸ் குடும்பம். ஆனால் குதிரை இனத்துக்கு மட்டும் வருவது, மனிதருக்கு வராது. பெரிய குதிரை ஈ ஒன்றைக் கடித்துவிட்டு உடனே இன்னொன்றைக் கடிக்கும்போது, அதன் வாயில் ஒட்டிய இரத்தத்தில் பரவுகிறது. மருந்து இல்லை, அமெரிக்காவில் தடுப்பூசியும் இல்லை. ஒருமுறை வந்தால் ஆயுள் முழுக்க உடம்பில் இருக்கும். 1970இல் லெராய் காகின்ஸ் என்ற கால்நடை அறிவியலாளர் இதற்கு ஒரு இரத்தப் பரிசோதனை கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே காகின்ஸ் சோதனை என்கிறார்கள். சோதனையில் நோய் உறுதியானால் அந்தக் குதிரையை மற்ற குதிரைகளிடமிருந்து குறைந்தது 200 கெஜம் தள்ளி வாழ்நாள் முழுக்கத் தனிமையில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கருணைக்கொலை. வேறு வழி கிடையாது.

டெக்சாஸ் மாநிலப் பூங்காவுக்குள் குதிரையைக் கொண்டுவர வேண்டுமென்றால், கடந்த 12 மாதத்துக்குள் எடுத்த காகின்ஸ் சோதனையில் நோய் இல்லை என்ற சான்று ஒவ்வொரு குதிரைக்கும் கையில் இருக்க வேண்டும். அந்தச் சான்றில் குதிரையின் நிறம், நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை எல்லாம் குறித்திருக்கும், வேறு குதிரையின் தாளைக் காட்டி ஏமாற்ற முடியாதபடி. பாருங்கள், அந்த வார இறுதியில் அந்தப் பூங்காவுக்குள் நுழைந்தவர்களில் இரத்தப் பரிசோதனைச் சான்றோடு வந்தவை குதிரைகள் மட்டும்தான்.

அடுத்து, 'குதிரை அந்த நாட்டு விலங்கே இல்லை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, இயற்கைப் பகுதியில் அதற்கு என்ன வேலை' என்று எழுதியவர் என்னிடமே படித்தவர். ஐயா, கரும்பலகையில் நான்கு விரல், மூன்று விரல், ஒற்றைக் குளம்பு என்று வரிசையாகக் கால் எலும்பு வரைந்து காட்டினேனே, அந்தக் கதை எந்தக் கண்டத்தில் நடந்தது? ஐந்தரைக் கோடி வருடங்களுக்கு முன் நாய் அளவு இருந்த மூதாதையிலிருந்து இன்றைய குதிரை வரை, அந்தப் பரிணாமத்தின் பெரும்பகுதி நடந்ததே வட அமெரிக்காவில். அங்கிருந்துதான் ஆசியாவுக்குப் போனது. சுமார் பத்தாயிரம் வருடங்களுக்கு முன் பிறந்த மண்ணில் அழிந்துபோய், பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்களின் கப்பலில் திரும்பி வந்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி அது. இருபது வருடம் முன்னால் விசா வாங்கிப் போன நாம், குதிரையைப் பார்த்து வெளிநாட்டுக்காரன் என்கிறோம்.

எல்லாவற்றிலும் குதிரைக்காரர்கள் பக்கமே நியாயம் என்று நான் சொல்லவில்லை. 500 கிலோ எடை நாலு இரும்பு லாடத்தில் இறங்கும்போது, மனிதக் காலடியைவிடப் பாதையை அது அதிகமாகக் கெடுக்கும். ஈர மண்ணில் குழி விழும், அந்தக் குழியில் தண்ணீர் ஓடி வாய்க்காலாகும். அதனால்தான் மழை பெய்து ஊறிய நாட்களில் பாதைகளைக் குதிரைக்கும் மிதிவண்டிக்கும் மூடிவிடும் பூங்காக்கள் உண்டு. அந்த அறிவிப்பை மதிக்காமல் உள்ளே போகிறவர்களைத் தண்டிக்க வேண்டும். களை விதையும் உண்மையான பிரச்சினை. தீவனப் புல்லில் வரும் விதை லத்தியோடு காட்டில் விழுந்து முளைக்கலாம். மேற்கு மாநிலங்களின் தேசியக் காடுகள் பலவற்றில், களை விதை இல்லை என்று சான்று பெற்ற புல் கட்டைத்தான் உள்ளே கொண்டுபோகலாம். ஹில் கன்ட்ரியிலும் அப்படி ஒரு விதி வேண்டும் என்று கடிதம் எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. மழைக்கால மூடலைக் கண்டிப்பாக்கு என்று எழுதுங்கள், இரண்டாவது கையெழுத்தும் போடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது அதுவல்ல. 'எங்களுக்கு இடைஞ்சல், ஆகவே எடுத்துவிடு' என்பதுதான் உங்கள் கடிதம்.

அந்த நாட்டில் காட்டுப் பாதைகளை யார் பராமரிக்கிறார்கள் என்றும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். 1964ஆம் வருடத்து வனாந்தரச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் இயந்திர ரம்பத்தைக் கொண்டுபோக முடியாது. விழுந்த மரத்தை இரண்டு பேர் இழுக்கும் பழைய ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். ரம்பம், கோடாரி, உணவு, கூடாரம் எல்லாம் குதிரையின், கோவேறு கழுதையின் முதுகில்தான் போகின்றன. இதற்கென்றே 1973இல் மொன்டானாவில் குதிரைக்காரர்கள் ஆரம்பித்த பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென் அமைப்புக்கு இன்று பல மாநிலங்களில் கிளைகள் உண்டு. சம்பளம் இல்லாத வேலை.

இப்போது நம் பக்கம். எனக்கு வந்த காணொளியில் ஒரு பிள்ளை, ஐந்து வயது இருக்கும், கட்டியிருக்கும் குதிரையின் பின்னால் ஓடுகிறது. எடுத்தவர் சிரிக்கிறார். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட முழு வட்டமும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து சத்தம் வந்தால் அதற்கு அது புலிதான். உதைக்கும். அது குதிரையின் குணக்கேடு இல்லை, கோடிக்கணக்கான வருடங்கள் உயிரோடு இருக்க அது கற்ற பாடம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் கடிதம் இன்னும் காரமாக வந்திருக்கும், பழி குதிரை மேல் விழுந்திருக்கும்.

இன்னொருவர் யாரோ கட்டியிருந்த குதிரைக்கு ஆப்பிளும் பிரெட்டும் ஊட்டியிருக்கிறார். பாசம்தான். ஆனால் சொந்தக்காரரைக் கேட்காமல் ஊட்டக் கூடாது. முழு ஆப்பிள் தொண்டையில் அடைக்கும். மாவுப் பண்டம் கூடினால் குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமலே போகும் குதிரைகள் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் அமைதி என்பது அங்கே பூங்கா விதி. ஒலிப்பெட்டியில் குத்துப்பாட்டு பதினொன்றரை வரை ஓடியது என்று நீங்களே பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் கயிற்றில் கட்டியிருந்த குதிரைகள் அந்த இரவு என்ன பாடு பட்டிருக்கும்! மேலே பறக்கவிட்ட ட்ரோன் பெரும்பாலான டெக்சாஸ் பூங்காக்களில் தடை செய்யப்பட்டது. பயந்த குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு இருட்டில் நெடுஞ்சாலைக்கு ஓடினால், குதிரையும் சாகும், எதிரில் காரில் வரும் குடும்பமும் சாகும். அந்தக் கார் நம்முடையதாகவும் இருக்கலாம்.

கடிதத்தில் கடைசியாக, 'வசதி பெருகினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பூங்காவுக்கு வருமானம்' என்கிறீர்கள். வருமானம் என்ற கண்ணால் பார்க்க ஆரம்பித்தால் பூங்காவே மிஞ்சாது. அதே மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு ஏரி மாநிலப் பூங்கா என்று ஒன்று இருந்தது. சுமார் 1,800 ஏக்கர். மின்சார நிறுவனத்தின் நிலம், மாநிலம் குத்தகைக்கு எடுத்து 1976 முதல் பூங்காவாக நடத்தியது. 2023இல் நிறுவனம் நிலத்தை வீட்டுமனை போடும் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஜூன் மாதம் வாயிற்கதவு சாத்தப்பட்டது. கட்டாயமாகக் கையகப்படுத்தலாம் என்று பூங்கா ஆணையம் முடிவு செய்தது, பிறகு அதையும் கைவிட்டது. ஏறக்குறைய ஐம்பது வருடம் மீன் பிடித்த இடம், கூடாரம் அடித்த இடம், ஒரே கோடையில் போனது. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள், அதே வருடம் நவம்பரில், புதுப் பூங்காக்களுக்கு நிலம் வாங்க 100 கோடி டாலர் நிதிக்கு டெக்சாஸ் மக்கள் வாக்களித்தார்கள். இருக்கும் பொதுநிலம் எவ்வளவு கொஞ்சம் என்று தெரிந்தவர்கள் போட்ட வாக்கு அது. புது நிலம் வாங்கி அதில் உங்களுக்கு மின் இணைப்போடு முகாம் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். தானமாக வந்த பழைய மண்ணில் குதிரையைத் துரத்திவிட்டுக் கேட்காதீர்கள்.

எட்டுக் கையெழுத்து விழுந்துவிட்டது என்று நேற்று இரவு செய்தி வந்தது. அதில் இரண்டு பேர் அந்தப் பூங்காவையே பார்க்காதவர்கள், ஒருவர் பெருந்துறையில் இருக்கிறார். திரும்ப எடுக்க நினைப்பவர்கள் குழுவில் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னோடு சண்டை போட நினைப்பவர்கள் இங்கே கமெண்டில் போடுங்கள். அப்பாவுக்குப் போன் செய்து புகார் சொல்ல வேண்டாம், அவரும் என் மாணவர்தான்.

பொங்கல் விடுமுறைக்கு அங்கே மறுபடி போவதாகப் பேச்சு அடிபடுகிறது. போங்கள். பாதையில் எதிரே குதிரை வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். மலைச்சரிவு என்றால் கீழ்ப்பக்கமாக ஒதுங்குங்கள், மேட்டில் ஏறி நின்றால் அதற்குப் பாய வரும் மிருகமாகத் தெரியும். மரத்துக்குப் பின்னால் ஒளியாதீர்கள். முதுகுப்பை மாட்டிய உருவம் மனிதன்தான் என்று குதிரைக்குத் தெரிய வேண்டும். அதனால் சாதாரணக் குரலில் ஏதாவது பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். குடை இருந்தால் மடக்கிவிடுங்கள். அது தாண்டிப் போகும் வரை பிள்ளையின் கையை விடாதீர்கள். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். முகாமில் இருக்கும் தண்ணீர் குதிரைக்கானது.